ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூல் எப்படி? வீடு பார்க்கிறோம், எல்லைக்கோடு குழப்புகிறது

தஞ்சாவூரான்:

வணக்கம். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வாடகைக்கு இருக்கிறோம். மூத்தவள் ஆறாவது படிக்கிறாள். ஹைஸ்கூல் போவதற்குள் சொந்த வீடு என்று தேடிக்கொண்டிருக்கிறோம். ஏஜென்ட் காட்டுகிற வீடுகளில் பாதி ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூல் எல்லைக்குள் வருகிறது. "ஸ்டீவ் ஜாப்ஸ் படிச்ச ஸ்கூல் சார்" என்று ஒவ்வொரு வாசலிலும் மறக்காமல் சொல்லிவிடுகிறார். அலுவலகத்தில் விசாரித்தால் மான்டா விஸ்டா, லின்புரூக் என்ற இரண்டு பள்ளிகளைத் தவிர வேறு பெயரைக் கேட்கவே யாரும் தயாராக இல்லை. இந்தப் பள்ளியின் பின்னணி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரேங்கிங் பக்கங்களை அனுப்ப வேண்டாம், அதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்னொரு குழப்பம்: பள்ளியின் முகவரி குபெர்டினோ என்று இருக்கிறது. வீடுகளோ சன்னிவேலில், ஒன்றிரண்டு லாஸ் ஆல்டோஸில். இது எப்படி?

நிலா_அம்மா:

ஊர் எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. இரண்டையும் சேர்த்து யோசித்தால் தலைதான் வலிக்கும். குபெர்டினோ மிடில் ஸ்கூல் இருப்பது சன்னிவேலில். லின்புரூக் இருப்பது சான் ஹொசேயில். ஹோம்ஸ்டெட் மூன்று ஊர்களும் உரசிக்கொள்ளும் மூலையில் இருப்பதால் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

எட்டாவது வரைக்கும் ஒரு மாவட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வேறு மாவட்டம். குபெர்டினோ யூனியன், சன்னிவேல் என்ற தொடக்கப்பள்ளி மாவட்டங்களில் இருந்து பிள்ளைகள் ஃப்ரீமான்ட் யூனியன் ஹைஸ்கூல் மாவட்டத்துக்குப் போவார்கள். அதில் ஐந்து பள்ளிகள்: ஃப்ரீமான்ட், குபெர்டினோ, ஹோம்ஸ்டெட், லின்புரூக், மான்டா விஸ்டா. பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

சன்னிவேலின் கிழக்குப் பக்கம் பார்க்கிறீர்கள் என்றால் எச்சரிக்கை. அங்கே ஒரு பகுதி சான்டா கிளாரா யூனிஃபைட் மாவட்டத்துக்குள் போகிறது. சன்னிவேல் முகவரிதான், ஆனால் பிள்ளை வில்காக்ஸ் ஹைஸ்கூலுக்குப் போவாள்.

ஏப்ரிகாட்:

பின்னணி கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஹோம்ஸ்டெட் திறந்தது 1962. அதை மட்டும் தனியாகச் சொன்னால் ஒன்றும் புரியாது. மாவட்டம் தொடங்கியது 1923-இல், அப்போது ஒரே பள்ளி, சன்னிவேலில் இருக்கிற ஃப்ரீமான்ட். அதற்கடுத்த முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டாவது பள்ளிக்குத் தேவையே வரவில்லை. காரணம் எளிது, இங்கே ஆள் இல்லை. ஏப்ரிகாட், ப்ரூன், செர்ரி மரங்கள்தான். சன்னிவேல் சமூக மையத்துக்குப் பக்கத்தில் நகராட்சி ஒரு ஏப்ரிகாட் தோப்பை விட்டுவைத்திருக்கிறது. நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான் இருந்தது.

1956-இல் லாக்ஹீட் விமான நிறுவனம் தன் ஏவுகணைப் பிரிவைச் சன்னிவேலுக்குக் கொண்டுவந்தது. அதோடு எல்லாம் மாறியது. 1950-இல் சன்னிவேலின் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. 1960-இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியாயிற்று. 1970-இல் தொண்ணூற்றைந்தாயிரம். குபெர்டினோ நகராட்சி ஆனதே 1955-இல்தான். வந்தவர்கள் எல்லாம் இளம் பொறியாளர் குடும்பங்கள், போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளோடு. மாவட்டத்துக்கு மூச்சுவிட நேரமில்லை: சன்னிவேல் ஹைஸ்கூல் 1956, குபெர்டினோ 1958, ஹோம்ஸ்டெட் 1962, லின்புரூக் 1965, மான்டா விஸ்டா 1969. பதின்மூன்று ஆண்டில் ஐந்து பள்ளிகள்.

ஹோம்ஸ்டெட்டின் பழைய கட்டடங்களைப் பார்த்தால் அந்த அவசரம் தெரியும். காங்க்ரீட் பிளாக் அடுக்கிக் கட்டிய அழகில்லாத கட்டடங்கள். சிறைச்சாலை கட்டுவதில் பேர்போன ஒருவர் வடிவமைத்தது என்று ஜாப்ஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கட்டிய பாதிப் பள்ளி, கல்லூரிகளைப் பற்றி அங்கே படித்தவர்கள் இதே கதையைச் சொல்வார்கள், அதனால் நான் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் அலுவலகத்தில் இன்று "நல்லது", "சுமார்" என்று பிரிக்கிற ஐந்து பள்ளிகளும் ஒரே மாவட்டம், ஒரே சம்பள அட்டவணை, ஒரே நிர்வாகம். வித்தியாசம் கோட்டுக்கு எந்தப் பக்கம் யார் வீடு வாங்கினார்கள் என்பதில் தொடங்கியது. பள்ளிச் சுவருக்குள் அல்ல.

மூன்றாம்_தெரு:

வரலாறு நன்றாக இருக்கிறது. ஆனால் தஞ்சாவூரான் கேட்டது வீடு வாங்கலாமா என்று. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜாப்ஸ் படித்தார், அவரோடு ஆப்பிளைத் தொடங்கிய ஒரு வாஸ்னியாக் படித்தார் என்பதால் இன்றைக்கு என் மகளுக்கு அல்ஜீப்ரா வந்துவிடுமா? ஏஜென்ட்களுக்கு அது விற்பனைச் சரக்கு. அதுவும் ஜாப்ஸுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது. "அவர் படித்த பள்ளி" என்று பெருமையடிக்க அவரே சம்மதிப்பாரா என்பது சந்தேகம்.

ஏப்ரிகாட்:

மூன்றாம் தெரு சார், அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது தஞ்சாவூரானுக்கு நேராகப் பொருந்தும்.

ஜாப்ஸ் குடும்பம் முதலில் மவுன்டன் வியூவில் இருந்தது. அங்கே கிரிட்டென்டன் மிடில் ஸ்கூலில் பையனை மற்றவர்கள் படாதபாடு படுத்தினார்கள். இனி அந்தப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். அப்பா இயந்திரத் தொழிலாளி, பெரிய வருமானம் கிடையாது. கையிலிருந்த காசையெல்லாம் திரட்டி லாஸ் ஆல்டோஸில் 21,000 டாலருக்கு மூன்று படுக்கையறை வீடு ஒன்றை வாங்கினார்கள். ஏன் அந்த வீடு? ஊர் லாஸ் ஆல்டோஸ் என்றாலும் அந்தத் தெரு குபெர்டினோ பள்ளி மாவட்டக் கோட்டுக்குச் சற்றே உள்ளே இருந்தது. அப்படித்தான் பையன் குபெர்டினோ ஜூனியர் ஹைக்கும் அங்கிருந்து ஹோம்ஸ்டெட்டுக்கும் போனான். ஆப்பிள் தொடங்கியதாகச் சொல்லப்படும் கார் ஷெட் அந்த வீட்டினுடையதுதான். 2013-இல் லாஸ் ஆல்டோஸ் நகரம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

1960களின் கடைசியில் நடந்தது இது. பள்ளிக் கோட்டுக்காகக் கடன்பட்டு வீடு வாங்குவது நம்மவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்று வெள்ளைக்காரச் சக ஊழியர் யாராவது கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரான்:

21,000 டாலர்! இப்போது அந்தத் தெருவில் சமையலறையைப் புதுப்பிக்கக்கூட அது போதாது.

முன்னாள்_மஸ்டாங்:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஹோம்ஸ்டெட்டில் படித்தவன். இங்கேயே பிறந்தேன், தமிழ் எழுதக் கற்றது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். பிழை இருந்தால் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அவரும் இந்த இழையைப் படிக்கிறார்.

ஜாப்ஸைவிட வாஸ்னியாக் கதைதான் பள்ளியில் எங்களுக்குப் பிடித்தது. வாஸ் முடித்தது 1968, ஜாப்ஸ் 1972. இருவரும் ஒன்றாகப் படிக்கவில்லை. ஜாப்ஸின் வகுப்பில் இருந்த பில் ஃபெர்னான்டஸ்தான் 1971-இல் அறிமுகப்படுத்தி வைத்தவர். வாஸுடைய அப்பா லாக்ஹீடில் பொறியாளர், ஏப்ரிகாட் அண்ணா சொன்ன அதே அலையில் வந்த குடும்பம்.

அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒன்று ஜான் மெக்காலம் என்ற ஆசிரியரின் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு. முன்னாள் கடற்படை விமானி, கண்டிப்பான ஆள். வகுப்பு நடந்தது பார்க்கிங் பக்கம் இருந்த ஒரு கொட்டகை மாதிரியான கட்டடத்தில். வாஸுக்கு இந்தப் பள்ளியில் கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அதனால் சன்னிவேலில் இருந்த சில்வேனியா நிறுவனத்தில் பேசி, பையன் போய் ஐபிஎம் 1130 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதிப் பழக ஏற்பாடு செய்தார். 1960களில் ஒரு ஹைஸ்கூல் மாணவனுக்கு நிஜக் கணினி! ஒரு வாத்தியார் தொலைபேசியை எடுத்ததால் நடந்தது.

ஜாப்ஸுக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. ஒரு பாகம் வேண்டும் என்று டெட்ராய்ட்டில் இருந்த பரோஸ் கணினி நிறுவனத்துக்கே, கட்டணம் அவர்கள் தலையில் விழுகிற மாதிரி போன் போட்டார் ஜாப்ஸ். மெக்காலத்துக்குக் கோபமான கோபம். ஜாப்ஸ் மூன்று ஆண்டு வகுப்பில் ஒரு ஆண்டோடு நின்றுவிட்டார்.

அப்புறம் அந்தக் குண்டு. வாஸ் டிக் டிக் என்று ஓசை எழுப்புகிற ஒரு கருவி செய்து, பேட்டரிகளின் மேலுறையை உரித்துக் கட்டி, பார்த்தால் வெடிகுண்டு என்றே தோன்றுகிற மாதிரி ஒரு லாக்கரில் வைத்தார். கதவைத் திறந்தால் ஓசை வேகம் எடுக்கும். முதல்வர் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கால்பந்து மைதானத்துக்கு ஓடி வயரைப் பிடுங்கினார். வாஸ் அன்றிரவு சிறுவர் காவல் இல்லத்தில் இருந்தார். அங்கேயும் சும்மா இருக்காமல், கூரை மின்விசிறியின் வயரைக் கம்பிக் கதவோடு இணைத்தால் என்ன ஆகும் என்று மற்றப் பையன்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம்_தெரு:

சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, இதில் சிரிப்போடு நிற்காமல் யோசிக்க வேண்டியது இருக்கிறது. 2015-இல் டெக்சஸ் மாநிலம் இர்விங்கில், இதே போன்ற ஒரு புறநகர் ஹைஸ்கூலில், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் செய்த கடிகாரத்தை ஆசிரியரிடம் காட்டக் கொண்டுபோனான். கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். அவன் பயமுறுத்த நினைக்கக்கூட இல்லை. சூடானில் இருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வாஸ் வேண்டுமென்றே குண்டு மாதிரி செய்து வைத்தார், ஒரே ராத்திரியோடு முடிந்தது. அவர் வெள்ளைக்காரப் பொறியாளரின் மகன், காலமும் வேறு. "குறும்பு செய்யச் சுதந்திரம் கொடுத்த பள்ளி" என்று இந்தக் கதையைப் பாடுபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். என் பையன் அதைச் செய்தால் என் விசா என்னாகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

முன்னாள்_மஸ்டாங்:

மறுக்கவே முடியாது, மாமா. நாங்கள் படித்த காலத்தில் லாக்கரில் மறந்துபோய் அலாரம் வைத்தால்கூட விசாரணை நடந்திருக்கும்.

நீங்கள் கேட்ட அல்ஜீப்ராவுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கணிதம், அறிவியல் எல்லாம் மற்ற நான்கு பள்ளிகளில் உள்ள அதே பாடத்திட்டம்தான். எலெக்ட்ரானிக்ஸ் கொட்டகை இடத்தை இப்போது ரோபாட்டிக்ஸ் பிடித்துக்கொண்டது. போட்டிகளில் எங்கள் அணியின் எண் 670. லின்புரூக்குக்கு 846, மான்டா விஸ்டாவுக்கு 115. பட்டறை வேலை பிடித்த பிள்ளை என்றால் மூன்றிலும் சந்தோஷமாக இருப்பாள். மாணவர் நாளிதழுக்குப் பெயர் 'தி எபிடாஃப்', அதாவது கல்லறை வாசகம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நிலா_அம்மா:

//மாணவர் நாளிதழ்//

நாளிதழ் இல்லை கண்ணா, தினமும் வராதே. மாணவர் செய்தித்தாள். அம்மா படிக்கிறார் என்று நீதான் சொன்னாய்!

கணக்குப்பிள்ளை:

யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் வரலாறு என்றால் எனக்கு 1978 ஜூன் தான் பெரிய திருப்பம். ப்ராபொசிஷன் 13 என்ற மக்கள் ஓட்டெடுப்பு.

அதற்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டமும் தன் சொத்து வரி விகிதத்தைத் தானே வைத்துக்கொண்டது. பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி. இது செல்லாது என்று 1971-இல் செரானோ வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலம் சமப்படுத்த முயன்றுகொண்டிருந்தபோதே வீட்டு விலை ஏறி, வரியும் ஏறி, மக்கள் கொதித்துப்போய் ப்ராப் 13-க்கு ஓட்டுப் போட்டார்கள். சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோ மட்டும் புது விலைக்கு மறுமதிப்பீடு.

தஞ்சாவூரானுக்கு இதன் அர்த்தம் என்ன? ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். 1975-இல் 60,000 டாலர் மதிப்பிட்ட வீட்டில் அதே குடும்பம் இன்னும் இருந்தால், ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறி ஐம்பது வருஷத்தில் மதிப்பு 1,61,000 சொச்சம். வரி ஆண்டுக்கு 1,600 டாலர் பக்கம். அதே தெருவில் அதே அளவு வீட்டை நீங்கள் 20 லட்சம் டாலருக்கு வாங்கினால் 20,000 டாலர். அதற்கு மேல் பள்ளிக் கடன் பத்திரத்துக்கான தொகை தனி. பக்கத்து வீட்டுத் தாத்தா நல்லவர்தான், ஆனால் அவருடைய பேத்தி படிக்கிற பள்ளிக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

சரி, இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. மாநிலம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தொகை கணக்கிடுகிறது. உள்ளூர்ச் சொத்து வரியே அதைத் தாண்டிவிட்டால் மிச்சத்தை மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். இதை 'பேசிக் எய்ட்' என்பார்கள். ஃப்ரீமான்ட் யூனியன் அப்படிப்பட்ட மாவட்டம். அதாவது பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தாலும் வருமானம் உடனே குறையாது. ஆப்பிள், மற்ற நிறுவனங்கள், உங்களைப் போல் புதிதாக வாங்குபவர்கள், எல்லாருடைய வரியும் அங்கேதான் போகிறது. ஐந்து பள்ளிகளுக்கும் ஒரே உண்டியல். மான்டா விஸ்டா எல்லைக்குள் அதிக விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் மான்டா விஸ்டாவுக்கு மட்டும் போகும் என்று நினைத்தால், போகாது.

ஃபயர்பேர்ட்_அப்பா:

ஒரே உண்டியல் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

நான் ஃப்ரீமான்ட் ஹைஸ்கூல் பக்கம். எங்கள் பள்ளியைப் பற்றி இந்தக் குழுமத்தில் யாரும் இழை தொடங்குவதில்லை, அதனால் இங்கேயே புகுந்துவிடுகிறேன். மாவட்டத்தின் மூத்த பள்ளி. 1920களில் கட்டிய ஸ்பானிய பாணி முகப்பு இன்னும் நிற்கிறது. ஹோம்ஸ்டெட்டைச் சிறை என்று சொன்னவர் இதைப் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். அணிப் பெயர் பல காலம் 'இந்தியன்ஸ்', அதாவது செவ்விந்தியர். 1990களில் அதைக் கைவிட்டு 'ஃபயர்பேர்ட்ஸ்' ஆக்கினார்கள்.

ஏப்ரிகாட் பட்டியலில் ஒரு பள்ளி இருக்கிறது, நிலா அம்மா சொன்ன ஐந்தில் அது இல்லை. கவனித்தீர்களா? சன்னிவேல் ஹைஸ்கூல். 1956-இல் திறந்து 1981-இல் மூடினார்கள். போருக்குப் பின் பிறந்த தலைமுறை படித்து முடித்துவிட்டது, அடுத்து வர அவ்வளவு பிள்ளைகள் இல்லை, ப்ராப் 13-க்குப் பிறகு கையில் காசும் இல்லை. ஆறு பள்ளிகளில் ஒன்றை மூட வேண்டும் என்றபோது மூடியது வடக்குப் பக்கப் பள்ளியை. இப்போது அந்த வளாகத்தில் தனியார் கிறிஸ்தவப் பள்ளி ஒன்று நடக்கிறது.

விளைவு, ஒன்றரை லட்சம் பேர் வசிக்கிற சன்னிவேல் ஊரின் பெயரில் இன்று ஒரு ஹைஸ்கூல் கிடையாது. 101 நெடுஞ்சாலைக்கு வடக்கே இருக்கிற பிள்ளைகள் ஊரைத் தாண்டித் தெற்கே வர வேண்டும். அங்கே இருப்பவர்கள் அதிகமும் வாடகைக் குடும்பங்கள், லத்தீனோ, பிலிப்பினோ குடும்பங்கள். மேற்கு, தெற்குப் பக்கத்தில் ஒன்றை மூடியிருந்தால் எவ்வளவு கூச்சல் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹோம்ஸ்டெட் தப்பித்தது. அதன் வரலாற்றில் ஜாப்ஸைவிட அது முக்கியம் என்பேன்.

மூன்றாம்_தெரு:

இது எனக்குப் புதிது. மூடியதற்குக் காரணம் வெறும் எண்ணிக்கையாகவும் இருக்கலாமே? எந்தப் பள்ளியில் பிள்ளைகள் குறைவோ அதைத்தானே மூடுவார்கள்.

ஃபயர்பேர்ட்_அப்பா:

எண்ணிக்கைதான் காரணம், யாரும் வஞ்சம் வைத்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை ஒரு பக்கம் ஏன் குறைந்தது, இன்னொரு பக்கம் ஏன் குறையவில்லை என்று கேட்டால் மறுபடியும் யார் எங்கே வீடு வாங்க முடிந்தது என்பதில்தான் வந்து நிற்கும்.

ஏப்ரிகாட்:

அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் போருக்கு முன்னும் பின்னும் எழுதிய பல வீட்டுப் பத்திரங்களில் "வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது" என்ற ஷரத்து இருந்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. ஆனாலும் விற்கிறவர் மனதை யார் மாற்றுவது? 1963-இல் கலிஃபோர்னியா வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மக்கள் ஓட்டெடுப்பில், மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதைத் தூக்கியெறிந்தார்கள். 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டெடுப்பைச் செல்லாதென்று சொன்ன பிறகுதான் முடிவு வந்தது. விதிவிலக்காக ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானக்காரர் யார் வந்தாலும் விற்றார். ஹோம்ஸ்டெட் பக்கம் சன்னிவேலில் அவர் கட்டிய கண்ணாடிச் சுவர் வீடுகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. இப்போது அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஹோம்ஸ்டெட்டின் முதல் சில ஆண்டு வகுப்புகள் அந்தச் சூழலில் நிரம்பியவை. நம்மவர்கள் வர வழிசெய்த குடியேற்றச் சட்டம் 1965. எச்-1பி விசா 1990 சட்டத்தில் வந்தது. நாம் வந்து சேர்ந்தபோது கோடுகள் எல்லாம் ஏற்கனவே போட்டாயிற்று.

நிலா_அம்மா:

அந்தக் கோட்டுக்குள் நாம் போன பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பேசுவோம். 2005-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் லின்புரூக், மான்டா விஸ்டா பற்றி ஒரு கட்டுரை வந்தது. வெள்ளைக்காரப் பெற்றோர் அங்கிருந்து விலகிப் போகிறார்கள், பள்ளி மோசம் என்பதால் அல்ல, படிப்பு ஒன்றே வாழ்க்கை என்று ஆகிவிட்டது, ஆசியப் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள் என்பதால் என்று எழுதியிருந்தார்கள். நம் ஆட்களுக்கு ஒரே கோபம். எனக்கும்தான். ஆனால் கோபம் தணிந்ததும் பாதியை ஒத்துக்கொண்டேன்.

வேறொரு மாவட்டத்தில், பெயர் வேண்டாம், என் அக்கா மகள் படித்தாள். பதினோராம் வகுப்பில் ஒரே வருஷத்தில் கனமான ஏபி (கல்லூரித் தரப்) பாடங்களாக அடுக்கிக்கொண்டு தூக்கம் கெட்டு, கடைசியில் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. எடுக்காதே என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதையேதான் எடுத்திருந்தாள். ஹோம்ஸ்டெட்டில் இது இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் இரண்டு பேரும் அங்கே படிக்கிறார்கள், ஒருத்தி இசைக்குழுவில் ட்ரம்பெட், மற்றவன் கணக்கில் சுமார். கணக்கில் சுமார் என்பதால் அவனை யாரும் வேற்றுக்கிரகவாசி மாதிரிப் பார்ப்பதில்லை. பல தரப்பட்ட பிள்ளைகள் வருகிற பள்ளி என்பதால் இருக்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம். 280 நெடுஞ்சாலைக்குத் தெற்கே வீடு பார்த்தால் மேரி அவென்யூ நடைபாலத்தை மறக்காதீர்கள். 2009-இல் திறந்தார்கள், சைக்கிளும் நடையும் மட்டும். காரில் கொண்டுபோய் விடுகிற தொல்லை எனக்கு அதனால்தான் ஒழிந்தது.

மூன்றாம்_தெரு:

அப்படியென்றால் மான்டா விஸ்டாவுக்காக அதிகம் கொடுப்பது வீண் என்கிறீர்களா? நான் கொடுத்துவிட்டேனே!

கணக்குப்பிள்ளை:

வீண் என்று யார் சொன்னது? விற்கும்போது அடுத்தவரிடம் வாங்கிக்கொள்வீர்கள். பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி, வீட்டுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டுகிறார்கள்.

ஆனால் கோடு நிரந்தரம் என்று நம்பி வாங்காதீர்கள். குபெர்டினோ யூனியன் தொடக்கப்பள்ளி மாவட்டம் 2022-இல் ரெக்னார்ட், மையர்ஹோல்ஸ் என இரண்டு பள்ளிகளை மூடியது. இந்த விலைக்கு இளம் குடும்பங்கள் வாங்க முடியவில்லை, பிள்ளைகள் குறைகிறார்கள். 1981-இல் சன்னிவேல் ஹைஸ்கூலுக்கு நடந்த அதே கணக்கு, இம்முறை கீழ் வகுப்பிலிருந்து மேலே ஏறி வருகிறது. உங்கள் மகள் ஆறாவது, அவள் முடிக்கும் வரை ஹைஸ்கூலில் பெரிதாக எதுவும் மாறாது என்பது என் ஊகம். இளையவன் இருந்தால் அவன் காலத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

தஞ்சாவூரான்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இளையவன் இருக்கிறான், இரண்டாவது படிக்கிறான்.

இரண்டு வீடுகள் பட்டியலில் நிற்கின்றன. ஒன்று மேரி அவென்யூ பக்கம் ஹோம்ஸ்டெட் எல்லை, மற்றது ஃப்ரீமான்ட் எல்லை, கொஞ்சம் பெரிய வீடு, விலையும் குறைவு. இந்த இழையைத் தொடங்கும்போது இரண்டாவதை அடித்துவிட்டிருந்தேன். மனைவி நேற்று ராத்திரி ஃபயர்பேர்ட் அப்பா எழுதியதைப் படித்துவிட்டு அதை மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் ஓபன் ஹவுஸ் இருக்கிறது.

ஃபயர்பேர்ட்_அப்பா:

இரண்டாவது எந்தத் தெரு என்று தனிமடலில் அனுப்புங்கள். எல்லைக்கோடு சில இடங்களில் தெருவின் நடுவே போகிறது, வீட்டு எண்ணைப் போட்டு மாவட்டத்தின் தளத்தில் பார்க்காமல் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஞாயிறு மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன், பள்ளி முகப்பையும் காட்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

அனுப்பும்போது பழைய உரிமையாளர் எந்த ஆண்டு வாங்கினார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கிற சொத்து வரி அவருடையது, உங்களுடையது அல்ல.